எனக்கு அப்பா பிணை, அப்பாவுக்கு நான் பிணை

1

ஜெர்மனியில் ஒரு பாடத்தை மூன்று முறைதான் எழுதலாம். மூன்றாவது முறையும் தோற்றால் அந்தப் படிப்புக்கே முழுக்குப் போட வேண்டியதுதான். நம்மூரில் அரியர் வைத்துக்கொண்டே கல்யாணம் முடித்து, பிள்ளையின் மொட்டைக்கு லீவு போட்டுவிட்டு வந்து பரீட்சை எழுதியவர்களைப் பார்த்து வளர்ந்தவள் நான். அதனால் முதலில் இந்த விதியை யாரும் நிஜமாகச் சொல்வதாகவே நினைக்கவில்லை.

நான் சின்னசேலத்துக்காரி. கள்ளக்குறிச்சியில் ஒரு வங்கிக் கிளையில் நகைக்கடன் பிரிவில் உட்கார்ந்திருந்தவள். அந்த வேலையை விட்டுவிட்டு, முப்பத்தைந்து வயதுக்கு மேல், உலக நிதி அமைப்பும் அதன் நிலைத்தன்மையும் என்று ஒரு முதுகலைப் படிப்புக்கு வந்தேன். இரண்டு வருடப் படிப்பு, ஆங்கிலத்தில். வந்து நான்கு வருடம் முடிந்த வாரத்தில் இதை எழுதுகிறேன். இதில் வருகிற பேர்களை மாற்றியிருக்கிறேன். ஏன் என்று படித்தால் தெரியும்.

எதற்கு இந்த வயதில் இந்தப் படிப்பு என்று கேட்காத ஆள் இல்லை. ஊரில் ஒரு நிதி நிறுவனம் திடீரென்று கதவைச் சாத்தியது. அன்றைக்கு மதியம் என் கவுன்ட்டரில் ஒரு பெரியவர் வந்து நின்றார். அவருக்கு எங்கள் வங்கியில் கணக்குகூடக் கிடையாது. "ஏம்மா, ஒங்க பேங்க்காவது நிக்குமா?" என்று கேட்டார். நிற்கும் என்று சொல்லி அனுப்பினேன். எதை வைத்துச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. அந்தத் தெரியாமை என்னை அரித்தது. ஆழம் தெரியாமல் காலை விட்டேன்.

2

இங்கே வாழ்க்கை இப்படிப் போகிறது. காலையில் நான் ஒரு பேக்கரியில் ரொட்டி அடுக்குகிறேன். அதை முடித்துக்கொண்டு வகுப்புக்கு ஓடுகிறேன். என் கணவர் ஆரோன் ஊரில் ஆய்வுக்கூட டெக்னீஷியன். இங்கே பார்சல் கிடங்கில் பெட்டி தூக்குகிறார். அவர் இடுப்பு போய்விட்டது, ஆனால் அதைச் சொல்ல மாட்டார். நடக்கும்போது பார்த்தால் தெரியும்.

பெண் பிரிசில்லா நான்காம் வகுப்பு முடித்துவிட்டாள். அவளுக்குத் தமிழ் புரியும், பேசுவாள், படிக்கத் தெரியாது. வீட்டில் அவள் தமிழ் பேசுவது எங்களுக்காகச் செய்கிற உதவி. மற்ற நேரமெல்லாம் ஜெர்மன். கடையில் நான் வாயைத் திறந்தால், "அம்மா, நீ பேசாத, நான் பேசறேன்" என்று முன்னால் வந்து நிற்பாள். அவமானத்தில் அல்ல, கருணையில்தான் செய்கிறாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வெளிநாட்டினர் அலுவலகத்துக்கு, இங்கே தங்குகிற அனுமதியைப் புதுப்பிக்கப் போனோம். ஜெர்மனிலும் நம்மைப் போல நீ, நீங்க என்று இரண்டு உண்டு. பதற்றத்தில் அந்த அதிகாரி அம்மாவை நான் முதல் வாக்கியத்திலேயே 'நீ' என்று கூப்பிட்டுவிட்டேன். அந்தம்மா கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்தார். அதற்கப்புறம் என்னைப் பார்த்துப் பேசவே இல்லை. பிரிசில்லாவைப் பார்த்துத்தான் பேசினார். பத்து வயதுப் பிள்ளை எங்களுக்குத் தமிழில் சொன்னாள்.

"அந்தப் பரீட்சை பாஸாயிட்டா குடுப்பாங்களாம். மூணாவது தடவயும் ஃபெயில் ஆனா படிப்பு முடிஞ்சிடுமாம். படிப்பு முடிஞ்சிட்டா இங்க இருக்கக் கூடாதாம்."

பள்ளியில் கிழமைகளைச் சொல்கிற மாதிரிச் சொன்னாள். வெளியே வந்து டிராமில் உட்கார்ந்த பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அப்போ நீங்க ரெண்டு பேரும் போயிடுவீங்களா?"

நாம் என்று கேட்கவில்லை. ஆரோன் என் முகத்தைப் பார்த்தார். நான் டிக்கெட்டைத் தேடுவது போல் பையைக் கிளறினேன்.

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டின்போது ஆரோன்தான் தேற்றினார். "போனாத்தான் இன்னா? மாமா கொல்லை இருக்குது. போர்ல தண்ணி இருக்குது. நாலு மாடு வாங்குவோம். இந்த இடுப்ப வச்சிக்கினு பொட்டி தூக்கறதுக்கு அது எவ்வளவோ மேல்."

கல்வராயன் மலையடிவாரத்தில், வெள்ளிமலைக்குப் போகிற பாதைப் பக்கம் அப்பாவுக்குக் கொஞ்சம் நிலம். மக்காச்சோளம், மரவள்ளி, வரப்போரம் தென்னை. இந்த நான்கு வருடத்தில் எங்களுக்குத் தூக்கம் வந்த ராத்திரிகள் எல்லாம் அந்த நிலத்தை நினைத்து வந்தவைதான்.

3

என் படிப்பை அப்பாவுக்குப் புரிய வைக்க நான் பட்ட பாடு தனிக்கதை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் போன் செய்வார். இந்த வாரம் இன்னா சொல்லிக் குடுத்தாங்க என்று கேட்பார். ஞாயிறு பள்ளியில் வசனம் ஒப்பிக்கிற மாதிரி நானும் ஒப்பிப்பேன்.

எங்கள் பேராசிரியர் ஓர் அம்மையார். பலகை முழுக்க வட்டங்களாகப் போடுவார். ஒவ்வொரு வட்டமும் ஒரு வங்கி. எந்த வங்கி எந்த வங்கிக்குக் கொடுத்திருக்கிறது என்று கோடு இழுப்பார். கோடு நிறைய இருந்தால் ஒருவரை ஒருவர் தாங்கிப் பிடிப்பார்கள் என்று முன்னே நம்பினார்களாம். ஒன்று சரிகிற நாளில் அதே கோடுகள் எல்லாரையும் சேர்த்து இழுக்கும் என்று பட்டுத்தான் தெரிந்துகொண்டார்களாம்.

"நல்லா இருக்கற பேங்க்கும் வுழுமாம்மா?" என்று அப்பா கேட்டார்.

"வுழும்பா. எந்த பேங்க்கும் எல்லாருக்கும் ஒரே நாள்ல குடுக்க முடியாது. குடுக்க மாட்டாங்கன்னு பத்து பேருக்கு சந்தேகம் வந்தா போதும். மத்தவங்க அந்தப் பத்து பேரப் பாத்து பணம் எடுக்க ஓடுவாங்க."

"அப்ப சந்தேகம் வராம பாத்துக்கணும்."

"அதான்பா பாதி படிப்பு."

"இதுக்கா அவ்வளவு தூரம் போன?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

அந்த அம்மையாரின் பாடத்தில் முதல் முறை கணக்கால் தோற்றேன். என்னோடு படிக்கிறவர்கள் இருபத்து மூன்று வயதுப் பிள்ளைகள். அவர்கள் தண்ணீர் குடிக்கிற மாதிரிப் போடுகிற சமன்பாடுகளில் நான் பேக்கரி ஏப்ரனோடு உட்கார்ந்து முட்டி மோதினேன். இரண்டாம் முறை பிரிசில்லாவுக்குக் காய்ச்சல். ராத்திரியெல்லாம் விழித்துவிட்டுப் போய்க் கேள்வித்தாளையே இரண்டாகப் பார்த்தேன். இரண்டையும் ஊருக்குச் சொல்லவில்லை. நன்றாகப் போகிறது என்றுதான் சொன்னேன். அவர்களும் அங்கே எல்லாம் நன்றாகப் போகிறது என்றார்கள்.

4

மூன்றாவது வாய்ப்பு வாய்மொழித் தேர்வு. புதன்கிழமை. அதற்கு முந்தின ஞாயிறு ஊரில் அறுப்பின் பண்டிகை.

எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு அது பெரிய நாள். அவரவர் நிலத்தில் விளைந்ததில் முதல் பங்கை ஆலயத்துக்குக் கொண்டுபோய்ப் படைப்போம். ஆராதனை முடிந்ததும் அதை ஏலம் விடுவார்கள். ஒரு பரங்கிக்காய் ஆட்டுக்குட்டி விலைக்குப் போகும். யார் எவ்வளவுக்கு எடுத்தார் என்பது அடுத்த வருடம் வரைக்கும் பேச்சு. நான் இங்கே வந்ததிலிருந்து அப்பா ஏலத்தில் விட்டுக்கொடுத்ததே கிடையாது. "ஜெர்மனிக்காரரு கேக்கறாரு, வேற யாரு?" என்று ஏலம் விடுகிறவர் கத்துவார். அப்பாவுக்குச் சிரிப்பு முகம் கொள்ளாது.

இந்த வருடமும் என் பள்ளித் தோழி மேரி வீடியோ அனுப்பினாள். பார்த்தேன். வரிசையாக வருகிறார்கள். ஒருவர் தோளில் வாழைத்தார். ஒரு பையன் கையில் கோழி. மேரியின் மாமியார் முறத்தில் கம்பு. அப்பா வெள்ளை வேட்டி சட்டையில் வந்தார். வழக்கமாகச் சோளத்தட்டைக் கட்டைக் கதிரோடு தூக்கிக்கொண்டு வருவார், பின்னால் அம்மா மரவள்ளிக் கிழங்குக் கூடையோடு வருவார். இந்த முறை அப்பா கையில் ஒரு பை. அதிலிருந்து எடுத்துப் பீடத்துப் படிக்கட்டில் வைத்தார். தேங்காய்கள். மட்டை உரித்து, குடுமி வைத்த தேங்காய்கள்.

வீடியோவை நிறுத்தினேன். மறுபடி ஓட்டினேன்.

தென்னை வைத்திருக்கிறவன் தேங்காயைக் குலையோடு வெட்டிக்கொண்டு வருவான். பச்சை மட்டையோடு வருவான். உரித்துக் குடுமி வைத்தது கடைத் தேங்காய். முதற்பலனைக் கடையில் வாங்கிப் படைக்கிற விவசாயியை எங்கள் ஊரில் நான் பார்த்ததில்லை. அப்பாவுக்கும் அது தெரியும். வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு வேகமாகப் போய்விட்டார். அப்புறம் ஏலத்தில் வழக்கம்போலக் கையைத் தூக்கினார், பரங்கிக்காயை எடுத்தார். ஆளுக்கு ஆள் கைதட்டினார்கள்.

ஒரு நிறுவனம் விழப்போவதற்கு முன்னால் தெரிகிற அறிகுறிகள் பற்றித்தான் நான் ஒரு பருவம் முழுக்கப் படித்தேன். உள்ளே காலியாகிறவன் வெளியே அதிகமாகச் செலவு செய்து காட்டுவான் என்று அதில் ஒரு பாடம் உண்டு.

5

மறுநாள் போன் செய்தேன். அப்பா இருந்த இடத்தில் காற்றுச் சத்தம், கார் ஹாரன், யாரோ வாலிபர்கள் கத்துகிற சத்தம்.

"எங்கப்பா இருக்கீங்க?"

"மலைக்கு வந்தேம்மா. கரியாலூருக்கு. சிக்னல் கம்மி. அப்பறமா பேசட்டா?"

கொஞ்ச நாளாகவே வாரநாட்களில் அப்பா மலையில்தான் இருந்தார். புளி வாங்க, கடுக்காய் பார்க்க என்று ஏதாவது சொல்வார். நானும் கேட்டுக்கொள்வேன்.

"வைக்காதீங்க. நேத்து தேங்கா வச்சீங்களே, அது ஏது?"

"கடையிலதான் வாங்கினேன்."

"நம்ம மரத்துல இல்லியா?"

இரும்பு கேட் ஒன்று கிரீச்சிட்டுத் திறந்து மூடியது.

"மரம் இப்ப நம்மளுது இல்லம்மா."

ஜெர்மன் விசாவுக்கு ஒரு வருடச் சாப்பாட்டுப் பணத்தை முன்கூட்டியே வங்கியில் போட்டு முடக்கிக் காட்ட வேண்டும். நிலத்தை அடமானம் வைத்து அப்பாதான் அதைப் புரட்டிக் கொடுத்தார். அடுத்த வருடமே மரவள்ளிப் பணம் வந்ததும் மீட்டுவிட்டதாகச் சொன்னார். மீட்கவில்லை. வட்டி ஏறி, மழை பொய்த்து, போன வருடம் நிலம் கைமாறிவிட்டது. இப்போது கரியாலூரில் டூரிஸ்டுகள் தங்குகிற ஒரு காட்டேஜில் அப்பா வாட்ச்மேன்.

"வேல ஒண்ணும் கஷ்டம் இல்லம்மா. வர்ற காருக்கு கேட்ட தொறந்து வுடணும். குளிருதான் ஜாஸ்தி. கம்பளி குடுத்திருக்காங்க."

"ஏம்ப்பா எங்கிட்ட சொல்லல?"

"நீ படிச்சிக்கினு இருக்கற. பயந்துட்டீன்னா? நீதான சொன்ன, சந்தேகம் வந்தா எல்லாம் வுழுந்துரும்னு."

என் பாடத்தை என்னிடமே வைத்துக் காட்டினார். அழக்கூட வரவில்லை. எனக்குக் கோபம் வந்தது. அவர் மேலா, அந்த முடக்கிய கணக்கின் மேலா, முப்பத்தைந்துக்கு மேல் படிக்கக் கிளம்பிய என் மேலா என்று பிரிக்கத் தெரியவில்லை. அவரிடம் சொல்ல எனக்கும் ஒன்று இருந்தது. இரண்டு முறை தோற்றுவிட்டேன், இதிலும் தோற்றால் உங்களிடம்தான் வருவதாக இருந்தேன் என்று சொல்ல வேண்டும். சொல்லவில்லை. கம்பளியை நன்றாகப் போர்த்திக்கொள்ளுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஆரோனிடமும் தேர்வு முடிகிற வரைக்கும் சொல்லவில்லை. அந்த மனிதர் அன்றைக்கும் மாட்டுக்கொட்டகையை எந்தப் பக்கம் போடலாம் என்று பேசிக்கொண்டிருந்தார். கேட்டுக்கொண்டே சோறு வடித்தேன்.

6

தேர்வறையில் பேராசிரியர் அம்மையாரும் குறிப்பெடுக்க இன்னொருவரும் இருந்தார்கள். தண்ணீர் வைத்திருந்தார்கள். அம்மையார் சிரித்தார். நான் தேற வேண்டும் என்று அவருக்கும் ஆசைதான் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

முதல் கேள்வி சுலபம். ஒரு வங்கி பணம் கொடுக்கத் திணறுகிறது. அது இப்போதைக்குக் கையில் இல்லாத நிலையா, இல்லை உள்ளேயே ஒன்றும் இல்லாத நிலையா, எப்படிப் பிரித்துப் பார்ப்பீர்கள்? கோர்வையாகச் சொன்னேன். கையில் இல்லாதவனுக்கு நல்ல பிணை வாங்கிக்கொண்டு மத்திய வங்கி கைகொடுக்க வேண்டும். உள்ளேயே இல்லாதவனுக்குக் கொடுத்தால் கொடுத்ததும் போகும். அம்மையார் தலையாட்டினார்.

அடுத்து பலகையில் இரண்டு வட்டம் போட்டார்.

"இந்த வங்கியிடம் இருக்கிற ஒரே சொத்து, அந்த வங்கி தன்னைத் தாங்கும் என்கிற உத்தரவாதம். அந்த வங்கியிடம் இருக்கிற ஒரே சொத்து, இந்த வங்கி தன்னைத் தாங்கும் என்கிற உத்தரவாதம். வெளியே பார்க்கிறவர்களுக்கு இரண்டும் திடமாகத் தெரிகிறது. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால், உள்ளே என்ன இருக்கிறது?"

விடை எனக்குத் தெரியும். ஒன்றுமில்லை. அந்த ஒரே சொல்தான் விடை. வாயைத் திறந்தேன். வரவில்லை. ஒரு வட்டம் கரியாலூரில் கேட்டைத் திறந்துவிட்டுக்கொண்டிருந்தது. இன்னொன்று இங்கே நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. ஒன்றுமில்லை என்று நானே என் வாயால் சொல்ல வேண்டும், அதற்கு மதிப்பெண் போடுவார்கள்.

"நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார் அம்மையார்.

எடுத்துக்கொண்டேன். அதற்குள் மற்றதெல்லாம் போய்விட்டது. அடுத்து கேட்ட கணக்கும் போனது, அதற்கடுத்துக் கேட்ட சட்டமும் போனது. ஏதோ பேசினேன். என்ன பேசினேன் என்று நினைவில்லை. வெளியே நிற்கச் சொன்னார்கள். திரும்ப உள்ளே கூப்பிட்டபோது அம்மையார் எழுந்து நின்றுகொண்டிருந்தார். இங்கே நல்ல செய்தி சொல்வதற்கு யாரும் எழுந்து நிற்பதில்லை.

7

வீட்டுக்குப் போவதற்கு முன்னால் பல்கலைக்கழக வாசலிலேயே நின்று அப்பாவுக்குப் போன் செய்தேன். இந்த முறை எதையும் மறைக்கவில்லை. இரண்டு தோல்வியையும் சொன்னேன், இன்றைக்கு நடந்ததையும் சொன்னேன். இனி இங்கே இருக்க விடமாட்டார்கள் என்பதையும் சொன்னேன்.

"அழுவாதம்மா. ஒடம்பு நல்லா இருக்குதில்ல? சாப்டியா?"

"வந்துடறோம்பா. வேற வழி இல்ல. நெலம் இல்லன்னா இன்னா, வூடு இருக்குதில்ல? கூலி வேல செஞ்சாவது இருந்துக்கறோம்."

லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். இருந்தது.

"வராதம்மா" என்றார்.

"இன்னாப்பா சொல்றீங்க?"

"கோவிச்சிக்காத. நீ அங்க இருக்கறன்ற பேர்லதான் எங்க பொழப்பு ஓடிக்கினு இருக்குது. மளிகைக் கடையில அரிசி குடுக்கறாரு, பொண்ணு அனுப்பிடுவான்னு. பாக்கிக்காரங்க சும்மா இருக்கறாங்க, பொண்ணு படிப்ப முடிச்சி அடச்சிடுவான்னு. இந்த காட்டேஜ்காரரு வேல குடுத்ததே அவரு பையன ஒன்னாண்ட அனுப்பணும்னுதான். நீ பொட்டியத் தூக்கிக்கினு வந்து எறங்கினீன்னா, அன்னிக்கே அத்தன பேரும் நம்ம வூட்டு வாசல்ல வந்து நிப்பாங்க."

நிற்பார்கள். அதை எனக்குப் படம் போட்டுக் காட்ட வேண்டியதில்லை.

"எத்தினி மாசம் இருக்க வுடுவாங்க?"

"தெரியலப்பா. கொஞ்ச மாசம்."

"வேற படிப்பு, வேற வேல, எதனா பாரு. எதனா செய். ஞாயித்துக்கெழம நான் கோயிலுக்கு ஸ்தோத்திரக் காணிக்கை எழுதிக் குடுத்துடறேன். பொண்ணு பாஸாயிட்டான்னு."

பிள்ளை பிறந்தால், ஆபரேஷன் நல்லபடி முடிந்தால், பரீட்சையில் தேறினால், கவரில் காணிக்கை போட்டு, காரணத்தை மேலே எழுதிக் கொடுப்போம். போதகர் அதைச் சபை நடுவே வாசிப்பார். சபையார் ஆமென் சொல்வார்கள். அப்பா ஆலயத்துக்குள் குரலை உயர்த்திக்கூடப் பேசாதவர்.

"கோயில்லயாப்பா பொய் சொல்லுவீங்க?"

"கர்த்தருக்குத் தெரியும்மா" என்றார். "அவரு வந்து பாக்கியக் கேக்க மாட்டாரு."

வீட்டுக்கு வந்து ஆரோனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுந்து போய்ப் பாத்திரங்களைக் கழுவினார். மறுநாள் வழக்கமான நேரத்துக்குக் கிடங்குக்குப் போனார். மாட்டைப் பற்றி அப்புறம் பேசவே இல்லை.

ஞாயிறு ஆராதனையை ஊரிலிருந்து போனில் நேரலையாகப் போடுகிறார்கள். எங்களுக்கு அது விடியற்காலை. சத்தத்தைக் குறைத்து வைத்துச் சமையலறையில் நின்று பார்த்தேன். அறிவிப்புகள் முடிந்து போதகர் கவர்களை எடுத்தார். மூன்றாவதாக எங்களுடையது.

"தங்கள் மகளுக்கு ஜெர்மனி தேசத்திலே மேற்படிப்பில் ஜெயம் தந்து, உயர்த்தி, கனப்படுத்திய தேவனுக்கு நன்றி செலுத்தி, ஸ்தோத்திரக் காணிக்கை."

"ஆமென்" என்றது சபை. கேமரா பின்னாலிருந்து எடுத்ததால் அப்பாவின் முதுகும் அம்மாவின் முக்காடும்தான் தெரிந்தன. பக்கத்தில் இருந்தவர் அப்பாவின் தோளைத் தட்டினார். அப்பா திரும்பி அவருக்குக் கைகுவித்தார்.

ஆராதனை முடிவதற்குள் போன் அதிர ஆரம்பித்துவிட்டது. மேரி, "கங்கிராட்ஸ்டி, ட்ரீட் எப்ப?" என்று கேட்டாள். மளிகைக் கடைக்காரர் கும்பிடுகிற கைகளை அனுப்பினார். புதிதாக ஓர் எண்ணிலிருந்து, மேடம், உங்கள் அப்பா எங்கள் காட்டேஜில்தான் இருக்கிறார், பையனின் பயோடேட்டா அனுப்பலாமா என்று வந்தது. பிரிசில்லா தூக்கக் கலக்கத்தோடு வந்து என் தோள் மேல் எட்டிப் பார்த்தாள். அவளுக்குத் தமிழ் எழுத்து தெரியாது, படங்கள் தெரிந்தன.

"எதுக்கு எல்லாரும் பூ அனுப்பறாங்க?"

பல் துலக்கப் போகச் சொன்னேன்.

ஒவ்வொருவருக்கும் நன்றி போட்டேன். கைகள் அனுப்பியவருக்குக் கைகள் அனுப்பினேன். பையனின் பயோடேட்டாவை அனுப்பச் சொன்னேன். கடைசியாகச் சபை குரூப்பில் ஒரு பூங்கொத்துப் படம் வந்து விழுந்தது. அனுப்பியவர் அப்பா. கீழே, "வாழ்த்துகள் மகளே. உன்னால் எங்களுக்குப் பெருமை" என்று எழுதியிருந்தார். ஊர் முழுக்கப் பார்க்கிற இடத்தில் போட்டிருந்தார்.

எல்லாரும் பார்க்கும்படி நானும் போட்டேன்: "நன்றி அப்பா."